சனிக்கிழமை தேடல் வகுப்பு: ஆறு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்

அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். உடன்குடி வட்டாரத்துப் பனைத்தொழில் பற்றி பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் தாத்தா பனையேறி. எங்கள் ஆய்வு மையம் இருக்கிற கல்லூரி நூலகத்தில் சனிக்கிழமைதோறும் மதியம் 2 மணிக்கு, வேண்டிய புத்தகத்தையும் தகவலையும் தேடக் கற்றுத்தரும் ஒரு தேடல் வகுப்பு நடக்கிறது. கட்டணம் கிடையாது. நடத்துகிற உதவி நூலகர் தன் பெயரும் கல்லூரிப் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் இங்கே போடவில்லை. மேடம் என்றே எழுதுகிறேன்.

நூலகப் பயிற்சி என்றால் எனக்குப் பழைய பயம் ஒன்று உண்டு. இளங்கலை படித்த இடத்தில் முதல் வாரம் எங்களை உட்காரவைத்து முக்கால் மணி நேரம் ஆங்கிலத்தில் விதிமுறை வாசித்தார்கள். எத்தனை புத்தகம், எத்தனை நாள், எவ்வளவு அபராதம். தமிழ் வழியில் படித்து வந்த எனக்குப் புரிந்தது அபராதம் மட்டும்தான். மூன்று வருடத்தில் நான் அந்த நூலகத்தில் எடுத்த புத்தகங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

இங்கே முதல் நாள் மேடம் ஆளுக்கு அரைத்தாள் கொடுத்தார். "கடைசியா எதைத் தேடிக் கிடைக்காம விட்டீங்க? எந்த மொழியிலயும் எழுதலாம், பேரு வேண்டாம்." பதினான்கு பேர் எழுதினோம். பக்கத்தில் இருந்த முதலாமாண்டுப் பெண் எழுதியதைப் பார்த்துவிட்டேன். "அம்மாவுக்கு சுகர். ராத்திரி கால் எரிச்சல்." பாடத்துக்குச் சம்பந்தமில்லை என்று மேடம் அதை ஒதுக்கவில்லை. இரண்டாம் வாரம் முழுக்க அதுதான் பாடம். விற்பனைக்காரர்கள் எழுதும் மருத்துவப் பக்கத்தை எப்படி அடையாளம் காண்பது, எந்த வருடத்துத் தகவல் என்று எங்கே பார்ப்பது, டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியை எப்படிக் குறித்துக்கொள்வது. அந்தப் பெண் இதுவரை ஒரு வகுப்பும் விடவில்லை.

என் தாள் மூன்றாம் வாரம் வந்தது. நூலகப் பட்டியலில் 'பனை' என்று தமிழில் அடித்தால் நாலே நாலு புத்தகம் காட்டும். அவ்வளவுதான் இருக்கிறது என்று ஒரு வருடம் நம்பியிருந்தேன். மேடம் காரணத்தைத் திரையிலேயே காட்டினார். பழைய தமிழ்ப் புத்தகங்களின் பெயரையெல்லாம் ஆங்கில எழுத்தில் பதிந்து வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒருவர் பதிந்ததுபோல் இன்னொருவர் பதியவில்லை. 'தொழில்' என்ற ஒரு சொல்லில் ழகரத்துக்கு இசட் எச் போட்டவர் உண்டு, வெறும் எல் போட்டவர் உண்டு, இசட் மட்டும் போட்டவரும் உண்டு. மூன்றையும் அடித்துப் பார்த்தோம். மூன்றுக்கும் வேறு வேறு புத்தகம் வந்தது.

பிறகு சொல்லின் முடிவில் நட்சத்திரக் குறி போடக் கற்றுக்கொடுத்தார். 'பனை' போட்டு நட்சத்திரம் வைத்தால் பனையேறி, பனைமரம், பனையோலை எல்லாம் வந்துவிடும். ஆனால் பனங்காடு வராது, பனம்பழம் வராது. 'பன' என்று மட்டும் போட்டால் பன்னாட்டு வணிகமும் பன்முகத் திறனும் வந்து குவிகிறது. அப்போது பின்னால் இருந்த தமிழ்த்துறைப் பையன் எழுந்தான். "மேடம், புணர்ச்சியில ஐகாரம் போயிரும்லா. பனம்னு ஒண்ணு, பனங்னு ஒண்ணு தனித்தனியா போடுவோமே." மேடம் எழுந்து தன் நாற்காலியை அவனுக்குக் கொடுத்தார். அவனே தட்டச்சு செய்து காட்டினான். அன்று எனக்கு முப்பத்தொரு புத்தகம் கிடைத்தது. மதிப்பெண்ணுக்காகப் படித்த இலக்கணம் தேடலுக்கு உதவும் என்று அன்றுதான் அவனுக்கும் தெரிந்திருக்கும், முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அந்த முப்பத்தொன்றில் ஒரு ஆங்கில நூலின் பொருள் தலைப்பில், அதாவது நூல் எதைப் பற்றியது என்று பட்டியலில் குறிக்கும் சொல்லில், 'கள் இறக்குவோர்' என்ற பொருளில் போட்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "எங்க தாத்தா ஒருநாளும் கள் இறக்கல மேடம். கலயத்துல சுண்ணாம்பு தடவி பதநீர்தான் இறக்குவாங்க. ஆச்சி அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊத்துவா." சொல்லும்போதே குரல் கம்மிவிட்டது. மேடம் கேட்டார், "அப்போ என்ன பேரு போடணும் டீச்சர்? நீங்க சொல்லுங்க." பனையேறிகள், பதநீர், கருப்பட்டி என்று மூன்று சொல் சொன்னேன். பதிவைத் திறந்து என் கண்முன்னால் சேர்த்தார். எங்கள் வீட்டுச் சொல் ஒரு கல்லூரிப் பட்டியலில் ஏறியதை அன்றுதான் பார்த்தேன்.

தலைப்புகளை மனிதர்கள்தான் வைக்கிறார்கள், மாற்றவும் முடியும் என்பதற்கு அவர் அமெரிக்கக் கதை ஒன்று சொன்னார். அங்கே ஆவணமில்லாமல் வந்து குடியேறியவர்களை 'சட்டவிரோத அந்நியர்' என்று நூலகத் தலைப்பில் போட்டிருந்தார்கள். 2014இல் டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் நூலகர்களோடு சேர்ந்து அதை மாற்றச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். அரசியல்வாதிகள் குறுக்கே நின்றார்கள். 2021இல்தான் அந்தத் தலைப்புகளை வைக்கும் காங்கிரஸ் நூலகம், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகம், அந்தச் சொல்லைக் கைவிட்டது. அப்படியே அலமாரிக்கும் கூட்டிப்போனார். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி தசம வகைப்பாட்டில் சமயத்துக்கு 200 முதல் 299 வரை. அதில் 220இலிருந்து 280கள் முடிய பைபிளும் கிறித்தவமும். உலகத்தின் மற்ற சமயங்கள் எல்லாம் 290களுக்குள் நெருக்கி உட்கார்ந்திருக்கின்றன. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1933இலேயே தனி வகைப்பாடு கொடுத்தும் நம் கல்லூரி அலமாரியில் டூயிதான். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பார்வையற்ற ஆய்வு மாணவர் ஒருவரும் வருகிறார். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் அவருக்குத் தமிழை வாசித்துக் காட்டும். ஆனால் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் இருக்கும் தமிழ் ஆய்வேடுகள் சிலவற்றைத் திறந்தால் அது உளறுகிறது, சிலவற்றில் வாயே திறப்பதில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததென்றால் உளறல், தாளை அப்படியே படமெடுத்து ஏற்றியதென்றால் மௌனம். முதல் வகையை என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றலாம். இரண்டாவதை கூகுள் டிரைவில் ஏற்றி எழுத்தாக எடுக்கலாம், பிழை இருக்கும், ஒருவர் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். இப்போது நாங்கள் ஆளுக்கு ஐந்து பக்கம் திருத்திக் கொடுக்கிறோம். பார்வையற்றோருக்குப் புத்தகங்களை வாசிக்கும் வடிவில் தர வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. நம் நூலகத்தில் என்விடிஏ ஒரே ஒரு கணினியில், அதிலும் ஹெட்போன் ஒரு பக்கம் கேட்காது.

குறை இதோடு நிற்கவில்லை. கணினி அறை மாடியில், லிஃப்ட் இல்லை. காலில் காலிப்பர் என்ற தாங்கி போட்ட மாணவி முதல் இரண்டு வாரமும் படியில் ஏறி வந்தாள், கையைப் பிடிக்கக்கூட விடவில்லை. மூன்றாம் வாரம் மேடம் வகுப்பையே கீழே செய்தித்தாள் கூடத்துக்கு மாற்றிவிட்டார். ஆனால் அங்கே ஒரு மடிக்கணினியை எல்லாரும் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதை நிர்வாகம் செய்ய வேண்டும், ஒரு உதவி நூலகர் தலையில் கட்டக்கூடாது. சனிக்கிழமை ஜவுளிக்கடைக்கும் கேட்டரிங்குக்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகளால் வரவே முடிவதில்லை. இந்த வகுப்பு அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். வார நாளில் மதிய இடைவேளையில் அரை மணி நேரமாவது வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

உங்கள் கல்லூரியில் இப்படி ஒன்று நடந்தால் தயங்காமல் போய் உட்காருங்கள். ஆங்கிலம் வராது, கணினி தெரியாது என்று நினைக்க வேண்டாம், எனக்கும் இரண்டும் அரைகுறைதான். அடையாள அட்டை, ஒரு நோட்டு, நீங்கள் தேடிக் கிடைக்காத ஒரு விஷயம், இவ்வளவும் போதும். நான் அடுத்த வாரம் ஆச்சியிடம் கேட்டு எழுதிய கருப்பட்டிக் காய்ச்சும் சொற்கள் நாற்பதைக் கொண்டுபோகிறேன். மேடம் கேட்டிருக்கிறார்.