குழம்பை உறைய வைப்பதா, மசாலாவை உறைய வைப்பதா, வெயிலை நம்புவதா?

மாலை ஆறே முக்காலுக்கு ராணிப்பேட்டை பஸ் என்னை வேலூர் சத்துவாச்சாரியில் இறக்கிவிடும். வீட்டுக்குள் நுழையும்போது ஏழு. எட்டுக்குள் பிள்ளைகள் இரண்டு பேரும் சாப்பிட்டாக வேண்டும். அத்தைக்குச் சர்க்கரை இருப்பதால் அவர்களும் நேரம் தவறக் கூடாது. இந்த ஒரு மணி நேரத்தில் என்ன சமைக்க முடியும் என்பதுதான் நான்கு வருடமாக எனக்கு இருக்கும் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஒதுக்கினால் வாரம் முழுக்கச் சமாளிக்கலாம் என்று தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை எதில் போடுவது?

மூன்று வழியையும் செய்து பார்த்துவிட்டேன். முழுக் குழம்பையும் சமைத்து ஃப்ரீசரில் வைப்பது ஒன்று. வதக்கிய மசாலாவை மட்டும் சின்னச் சின்ன பாக்கெட்டாக உறைய வைத்து, மாலையில் குழம்பு கூட்டுவது இன்னொன்று. ஃப்ரீசரையே நம்பாமல் பொடி, தொக்கு, வடகம் என்று நம் ஆயாக்கள் செய்துவந்தது மூன்றாவது. நம் ஊர் வீட்டுக்கு இரண்டாவது வழிதான் முதல் இடம் என்பது என் முடிவு. அதற்குத் துணையாக மூன்றாவது கட்டாயம் வேண்டும். முதல் வழியை நான்கைந்து பதார்த்தங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முழுக் குழம்பு டப்பா

இதில் இருக்கும் சுகம் பெரிது. காலையில் கிளம்பும்போது டப்பாவை எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் போதும். மாலையில் கொதிக்க வைத்துச் சோறு வடித்தால் சாப்பாடு தயார். அலுத்து வரும் நாளில் இதைவிட நிம்மதி கிடையாது. முதல் இரண்டு மாதம் நான் இதைத்தான் செய்தேன்.

சிக்கல் நம் சமையலிலேயே இருக்கிறது. உருளைக்கிழங்கு போட்ட குருமாவை ஒரு தடவை வைத்தேன். எடுத்துச் சுட வைத்துப் பரிமாறினால், "இன்னாம்மா இது, கெழங்கு நரநரன்னு கீது?" என்றார்கள் அத்தை. காய்க்குள் இருக்கும் தண்ணீர் உறையும்போது ஐஸ் ஊசியாக மாறிக் காயின் உள்சுவரைக் கிழித்துவிடுகிறது. வீட்டு ஃப்ரீசர் மெதுவாகத்தான் உறைய வைக்கும். மெதுவாக உறைய உறைய அந்த ஊசிகளும் பெரிதாகும். உருளைக்கிழங்கு மணலாகும், கத்தரிக்காய் கூழாகும், வெண்டைக்காயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தேங்காய்ப் பால் விட்ட குழம்பு திரிந்து, எண்ணெய் தனியாகவும் தண்ணீர் தனியாகவும் நிற்கும். மோர்க்குழம்பும் அப்படித்தான். வேக வைத்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகிவிடும். நம் வாரத்து மெனுவில் பாதி இதிலேயே அடிபட்டுப் போகிறது.

தாங்குவது எதுவென்றால் கொண்டைக்கடலை மசாலா, ராஜ்மா, காய் போடாத பருப்பு, கொத்துக்கறி, மட்டன் குழம்பு. மட்டன் குழம்பு உறைந்து எடுத்த பிறகும் அப்படியே இருக்கிறது, எங்கள் வீட்டில் யாரும் வித்தியாசம் கண்டுபிடித்ததில்லை. ஒன்று மட்டும் கவனம்: பூண்டு, மிளகு, கிராம்பு வாசம் ஃப்ரீசரில் தூக்கலாகும், உப்பு மங்கும். அதனால் மசாலாவைக் கொஞ்சம் அடக்கிப் போட்டு, சுட வைக்கும்போது உப்பு பார்த்துக்கொள்வது நல்லது.

இடம் அடுத்த சிக்கல். ஐந்து பேருக்கு ஒரு வேளைக் குழம்பு கிட்டத்தட்ட ஒரு லிட்டர். நாலு டப்பா வைத்தால் ஃப்ரீசர் அடைத்துக்கொள்ளும். அந்தக் கட்டி, கீழ்த்தட்டில் பகல் முழுக்க இருந்தும் நடுவில் உறைந்தபடியே இருந்த நாட்கள் உண்டு. அவசரத்துக்கு வெளியே மேடையில் வைத்து இளக விடுவது தவறு. உறைநிலையில் கிருமி சாவதில்லை, தூங்குகிறது, அவ்வளவுதான். வெளிப்பக்கம் இளகியதும் அங்கே எழுந்து பெருக ஆரம்பித்துவிடும். நடுவில் கட்டி இருந்தாலும் அப்படியே பாத்திரத்தில் போட்டுச் சிறு தீயில் இளக்கி, தளதளவென்று கொதிக்க விடுவதுதான் சரி. ஒரு தடவை இளகியதைத் திரும்ப உறைய வைக்கவே கூடாது.

ஆற வைக்கும் விஷயத்தில் நம் ஊர் வெயிலை மறந்துவிடக் கூடாது. சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் குளிரில் வைக்க வேண்டும் என்பது பொது விதி. சுற்றுப்புறம் 32 டிகிரியைத் தாண்டினால் அது 1 மணி நேரமாகக் குறைகிறது. மே மாதம் வேலூர் சமையலறையில் ராத்திரி கூட 32க்குக் கீழே வருவது அபூர்வம். எனவே குழம்பை அண்டாவிலேயே ஆற விடாமல், அகலமான தாம்பாளத்தில் ஊற்றி, தண்ணீர் நிறைத்த பேசினில் அதை வைப்பேன். அரை மணியில் ஆறிவிடும். சோற்றுக்கு இது இன்னும் முக்கியம். அரிசியில் வரும் ஒரு வகைக் கிருமியின் விதை வேக வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். சோறு வெளியே கிடந்தால் அது முளைத்து நஞ்சை விடும், அந்த நஞ்சு திரும்பச் சுட வைத்தாலும் போகாது.

மசாலா பாக்கெட்

இப்போது என் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் இதில்தான் போகிறது. பெரிய வெங்காயம் 2 கிலோ, நாட்டுத் தக்காளி இரண்டரை கிலோ, இஞ்சி பூண்டு விழுது 200 கிராம், எண்ணெய் 300 மில்லி. வெங்காயத்தைப் பொன்னிறத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக வதக்கி, இஞ்சி பூண்டு பச்சை வாசம் போனதும் தக்காளியைச் சேர்த்து, எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை சுண்ட விடுவேன். ஒன்றரை மணி நேர வேலை. கூட யாராவது வெங்காயம் உரித்துக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் முடியும். பாக்கெட்டுக்கு 200 கிராம் வீதம் ஏறக்குறைய 12 பாக்கெட் தேறும்.

மிளகாய்த்தூள், கரம் மசாலா எதையும் இதில் போடுவதில்லை. போடாமல் இருப்பதால்தான் ஒரே பாக்கெட் திங்கட்கிழமை கொண்டைக்கடலையாகவும், புதன்கிழமை தக்காளிக் குழம்பாகவும், வெள்ளிக்கிழமை முட்டைக் குழம்பாகவும் மாறுகிறது. வாரம் முழுக்க ஒரே ருசி என்ற புகார் வராது. மிளகாய்த்தூளும் தாளிப்பும் அன்றன்றைக்குச் சேர்வதால் வாசனை புதிதாக இருக்கிறது. காயும் அன்றைக்கே வேகிறது. சரி, இதற்கு மாலையில் 20 நிமிடம் அடுப்படியில் நிற்க வேண்டும். டப்பா வழியில் அந்த 20 நிமிடம் மிச்சம், உண்மைதான். ஆனால் சோறு வேகும் நேரமும் அதேதான், எப்படியும் அங்கே நிற்கத்தான் போகிறேன்.

ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, விரல் தடிமனுக்குத் தட்டையாகப் பரப்பி உறைய வைப்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். உறைந்த பிறகு நோட்டுப் புத்தகம் மாதிரி நிமிர்த்தி அடுக்கலாம். தண்ணீரில் போட்டால் 10 நிமிடத்தில் இளகும். கவர் மேல் தேதி எழுதி, இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுவேன். கண்ணாடி பாட்டில் வேண்டாம். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். கழுத்துவரை நிரப்பிய ஒரு பாட்டில் எங்கள் ஃப்ரீசரில் விரிசல் விட்டு, உள்ளே இருந்த மசாலா அத்தனையும் குப்பைக்குப் போனது.

இதே வரிசையில் துருவிய தேங்காயும் வரும். பச்சையாகத் துருவி, ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பொட்டலம் கட்டினால் அருமையாக நிற்கிறது. கெட்டியாகக் கரைத்து வடிகட்டிய புளியை ஐஸ் தட்டில் ஊற்றி வைத்தால் காரக்குழம்புக்கு நான்கு கட்டி, ரசத்துக்கு இரண்டு. வேக வைத்த துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும் தனித்தனியே வைக்கலாம். மட்டனை மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு போட்டுக் குக்கரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரோடு உறைய வைத்தால் வார நாளிலும் கறிக்குழம்பு சாத்தியம்.

வெயில் கொடுக்கும் சமையல்

இனி மூன்றாவது. கரண்ட் போனால் முதல் இரண்டும் படுத்துவிடும், இது படுக்காது. முன்பு எங்களிடம் சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்தான் இருந்தது. ஒரு மே மாதப் பிற்பகல், ஐந்து மணி நேரம் கரண்ட் இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கோழிக்குழம்பு டப்பா கையில் அழுத்தினால் அமுங்கியது. அவ்வளவையும் கொட்டினேன். உணவு நீண்ட நாள் நிற்க ஃப்ரீசர் -18 டிகிரியில் இருக்க வேண்டும். சிங்கிள் டோரின் மேலே இருக்கும் ஐஸ் பெட்டி பெரும்பாலும் அவ்வளவு குளிர்வதில்லை. அந்த ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் வாரக்கணக்கில் குழம்பு சேமிக்க நினைக்க வேண்டாம். தேங்காய், புளி, மசாலா பாக்கெட் என்றால் ஒரு வாரத்துக்கு மட்டும் வைக்கலாம்.

ஊருக்குப் போகிறவர்கள் ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் நிம்மதி. உள்ளே இறங்கியிருந்தால் நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அதில் இருக்கும் கறியைத் தொடாதீர்கள்.

இப்படி எந்தக் கவலையும் இல்லாதது வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு எல்லாம் கலந்து விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, மொட்டை மாடியில் காய வைக்கிறோம். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் அதற்கு வேறு கருவியே தேவையில்லை. பகலில் காய வைத்து, மாலையில் பிசைந்து உருட்டி, மறுநாள் மறுபடி மாடிக்கு. நன்றாகக் காய்ந்த வடகம் அடுத்த கோடை வரை நிற்கும். ஒரு உருண்டையை உதிர்த்துத் தாளித்தால், உறைந்த புளிக் கட்டியில் வைத்த காரக்குழம்பு கூட அம்மா வீட்டுக் குழம்பாகிவிடுகிறது. மசாலா பாக்கெட்டுக்கும் வடகத்துக்கும் நான் போட்டி வைக்காததற்குக் காரணம் இதுதான்.

மல்லாட்டை (வேர்க்கடலை)ப் பொடி, பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு மூன்றும் எப்போதும் இருக்கும். பொடிக்கு ஈரக் கரண்டி படக் கூடாது. தொக்கில் எண்ணெயும் புளியும் தாராளமாக விட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று வாரம் தாங்கும். சூடான சோறு, பொடி, நல்லெண்ணெய், சுட்ட அப்பளம் இருந்தால் பத்து நிமிடச் சாப்பாடு. தினமும் இதையே போட முடியாது என்பதுதான் குறை. பிள்ளைகளுக்குப் பருப்பும் காயும் போய்ச் சேர வேண்டும். அதனால் வாரத்தில் ஒரு ராத்திரிக்கு மேல் நான் இதை அனுமதிப்பதில்லை.

இட்லி மாவை இந்தப் போட்டியில் சேர்க்கவே இல்லை, அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. கடையில் விற்கும் உறைந்த பரோட்டா எனக்குப் பிடிக்கவில்லை. சப்பாத்தியை இரண்டு பக்கமும் லேசாகச் சுட்டு, நடுவில் தாள் வைத்து நாமே உறைய வைப்பது நன்றாக வருகிறது. களியை உறைய வைக்க அவசியமே இல்லை, கேழ்வரகு மாவு இருந்தால் கால் மணியில் கிண்டிவிடலாம். கருவாட்டுக் குழம்புக்கு மட்டும் மசாலா பாக்கெட் ஒன்று போதும்.

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் விளையும் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் காயை வாங்கி வந்த நாளில் ஃப்ரீசரைத் திறக்காதீர்கள். வாங்கிய அன்றே, அதிகம் போனால் மறுநாள், எண்ணெய்க் கத்தரிக்காயாக ஆக்கிவிடுங்கள். மசாலா பாக்கெட்டில் ஒன்றை எடுத்து அதற்குள் அடைக்கலாம் என்று முயன்று பார்த்தேன். வதக்கிய மசாலா அந்தக் காயின் ருசியை மூடிவிடுகிறது. பச்சையாக அரைத்ததுதான் அதற்குச் சரி.

சிங்கிள் டோர் வீட்டுக்கு: முதலில் பொடியும் வடகமும், அப்புறம் ஒரு வாரத்துக்கான மசாலா பாக்கெட் ஐந்து. டபுள் டோர் இருந்தால் மசாலா பாக்கெட் 12, தேங்காய், புளி, வேக வைத்த பருப்பு, கூடவே மட்டன் குழம்போ கொண்டைக்கடலையோ இரண்டு டப்பா. அந்த இரண்டு டப்பாவையும் நான் சாதாரண நாளில் தொடுவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் பாதி நாள் உட்கார்ந்துவிட்டு வரும் சாயங்காலத்துக்கு அவை காத்திருக்கின்றன.