இந்தியாவில பைக்: கறுப்புத் தகடா, வெள்ளைத் தகடா?

மட்டக்களப்பில இருந்து வேளாங்கண்ணி, கொடைக்கானல் போற தம்பிமார் கேட்கிறது இதுதான்: பைக்கை வாடகைக் கடையில எடுக்கிறதா, தெரிஞ்ச ஆளிட்டயா?

செலவு: தெரிஞ்சவர் மலிவு. கடையில முற்பணமும் கேட்பாங்க.

காப்புறுதி: இதிலதான் கவனம். கறுப்பு நம்பர் தகட்டில மஞ்சள் எழுத்தெண்டா வாடகைக்கெண்டே பதிஞ்ச வண்டி. வெள்ளைத் தகடு சொந்தப் பாவனைக்கு. அதைக் காசுக்குக் குடுத்தது தெரிஞ்சா காப்புறுதிக் கம்பனி கையை விரிக்கலாம். அடிபட்ட மனிசனுக்கான நட்டஈடு உங்கட தலையில விழலாம்.

வழியில நிண்டா: மலையில ஆள் அனுப்புவீங்களா எண்டு கடையில முதலே கேளுங்க. தெரிஞ்சவரிட பைக்கெண்டா மெக்கானிக்கை நீங்கதான் தேடணும்.

உங்கட ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பயணக் காப்புறுதி தனியா எடுங்க. மோட்டார் சைக்கிள் ஓட்டுறது அதில அடங்குதா எண்டு வாசிச்சிட்டுக் கையெழுத்து வையுங்க.

மலைப்பயணத்துக்குக் கடைதான். காசு வாங்காம மச்சான் தாற பைக், ஊருக்குள்ள ஓடக் காணும்.