ஆராய்ச்சிக்குப் பணம் யாரிடம் வாங்குவது? குமரி மாவட்டத்திலிருந்து ஒரு ஒப்பீடு

குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களிடம் என்ன ரகம் என்று கேட்டால், பெரும்பாலும் "நூற்றியஞ்சு" என்றுதான் பதில் வரும். முழுப் பெயர் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105. கோட்டயத்தில் அரசுப் பணத்தில் நடக்கும் இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் ரகம். 1950களில் தொடங்கிய கலப்பின வேலையின் பலன் 1980ல்தான் வெளியே வந்தது. கன்று நட்டு முதல் பால் வெட்டுக்கே ஆறேழு வருஷம் ஆகும். அப்புறம் வருஷக்கணக்கில் பால் அளந்து பார்க்க வேண்டும். கால் நூற்றாண்டு வரவே இல்லாமல் செலவு செய்ய எந்தக் கம்பெனி சம்மதிக்கும்? இன்று எத்தனையோ நர்சரிகள் அதன் ஒட்டுக்கன்றை விற்றுப் பிழைக்கின்றன. திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் டி.பி.எஸ். நெல் ரகங்களும் இதே கணக்குதான். அறுத்த நெல்லில் கொஞ்சம் விதைக்கு எடுத்து வைத்தால் யாரும் கேட்க முடியாது. பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைக்கான 2001ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையை விவசாயிக்கு எழுதியே கொடுத்திருக்கிறது.

இப்போது கல்லூரிகளில் அடிபடும் பேச்சு வேறு. "இண்டஸ்ட்ரி ஃபண்டிங் கொண்டு வாங்க சார்" என்கிறார்கள். மேலிருந்தே அப்படித்தான் வருகிறது. ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்க 2023ல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று திட்டமிட்டார்கள். அதில் பெரும்பங்கு அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்பது கணக்கு. ஆகவே நாகர்கோவிலில் வேலை பார்க்கும் ஒரு ஆராய்ச்சி கைடுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: அரசு மானியம், கம்பெனிப் பணம், கண்டுபிடித்ததை உரிமம் கொடுத்துப் பங்கு வாங்குவது.

அரசு மானியத்தின் தொல்லைகளைச் சொல்லத் தொடங்கினால் முடியாது. திட்டத்துக்கு ஒப்புதல் வரும், பணம் வராது. முதல் தவணைக்கு யு.சி. (பணத்தை எப்படிச் செலவழித்தோம் என்ற பயன்பாட்டுச் சான்றிதழ்) போகாமல் இரண்டாம் தவணை நகராது, யு.சி.யில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால் ஸ்காலரின் உதவித்தொகை மாதக்கணக்கில் நிற்கும். கருவி வாங்க டெண்டர் முடிவதற்குள் திட்டக் காலமே பாதி போய்விடும். கம்பெனி அப்படியில்லை, பேசினபடி பணம் வந்து சேரும். இந்த ஒரு காரணத்துக்காகவே பலர் அந்தப் பக்கம் சாய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கம்பெனி ஒப்பந்தத்தில் ஒரு பத்தியை மட்டும் நிறுத்திப் படிக்க வேண்டும். "வெளியிடுமுன் 60 நாள் எங்கள் பார்வைக்குத் தரவும்" என்றிருந்தால் பரவாயில்லை. காப்புரிமைக்கு விண்ணப்பிக்க அவர்களுக்கு அவகாசம் தேவை. "எங்கள் எழுத்துபூர்வ அனுமதியின்றி வெளியிடக் கூடாது" என்றிருந்தால் ஆய்வு முடிவு அவர்கள் பெட்டிக்குள் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் பெட்டி டாங் என்ற ஆய்வாளருக்கு நடந்தது இதுதான். சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் தைராய்டு மாத்திரைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். சிந்த்ராய்டு என்ற விலைகூடிய மாத்திரையை விற்ற பூட்ஸ் நிறுவனம்தான் பணம் கொடுத்தது. தங்கள் மாத்திரையே ஒசத்தி என்று வரும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. மலிவு மாத்திரைகளும் அதே வேலையைச் செய்கின்றன என்று முடிவு வந்தது. ஒப்பந்தத்தில் அந்த அனுமதிப் பத்தி இருந்தது. 1995ல் அச்சுக்குப் போகவிருந்த கட்டுரை திரும்பப் பெறப்பட்டு, 1997ல்தான் வெளிவந்தது. நடுவில் எத்தனை பேர் கூடுதல் விலை கொடுத்து அந்த மாத்திரையை விழுங்கியிருப்பார்கள்!

மூன்றாவது வழிக்கு உதாரணம் நம் மலையிலேயே இருக்கிறது. அகத்தியமலைத் தொடரில் 1987ல், ஆய்வாளர்கள் சிலர் காணிப் பழங்குடி இளைஞர்களோடு நடந்தார்கள். மலை ஏறி இவர்கள் மூச்சு வாங்க, காணிகள் ஏதோ காயை மென்றுகொண்டு களைப்பில்லாமல் போனார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காய். அந்தச் செடியிலிருந்து கேரளத்தின் பாலோடு தாவரவியல் பூங்கா 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாயும் 2 சதவீத ராயல்டியும் பேசி உரிமம் கொடுத்தார்கள். வரும் பணத்தில் பாதி காணிகளுக்கு. உலகமே பாராட்டிய ஏற்பாடு. ஆனால் செடியை வளர்ப்பதிலும் இலை பறிப்பதிலும் வனத்துறையோடு சிக்கல் வந்து, மருந்துக்கு இலை கிடைப்பதே பாடாகிவிட்டது. இன்னொன்று, பணத்தைப் பெற உருவான அறக்கட்டளை கேரளக் காணிகளுடையது. பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கிற காணிகளும் அதே மலையின் மக்கள்தான். அறிவுக்கு எல்லைக்கல் கிடையாது, ராயல்டிக்கு இருக்கிறது. பங்கு கொடுப்பது நல்ல வழி என்றே நினைக்கிறேன், யாருக்குப் பங்கு என்று முதலிலேயே பேசிவிட்டால்.

சரி, அப்படியானால் அரசுப் பணம்தான் சுத்தமா? இயற்கையாகவே கதிர்வீச்சுள்ள மணவாளக்குறிச்சி கடற்கரை மணலைப் பற்றிப் பேசும்போது அப்படிச் சொல்லிவிட முடியாது. மணல் ஆலை நடத்தும் ஐ.ஆர்.இ.எல். மத்திய அரசு நிறுவனம், அணுசக்தித் துறையின் கீழ் இருப்பது. இதே போன்ற மணல் உள்ள கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்து, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடவில்லை என்று 2009ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. செய்தது திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம். அணுசக்தித் துறையின் உதவியும் அதற்கு இருந்தது. ஆய்வு தரமானது, வெளியிடப்பட்டது, யார் வேண்டுமானாலும் படித்து மறுக்கலாம். ஆனாலும் கடற்கரைக் கிராமத்தில் அதை எடுத்துச் சொன்னால் "காசு கொடுத்தது யாரு?" என்றுதான் கேட்பார்கள். கேட்கிறவர் பக்கமும் நியாயம் உண்டு. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு எதிர்ப்பு கிளம்பியபோதும் இந்தச் சந்தேகம் கூடவே வந்தது. 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்கும் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பது திட்டத்தைக் கொண்டுவருகிறவரேதான்.

என்னிடம் யோசனை கேட்கும் ஸ்காலர்களுக்கு நான் சொல்வது இது. ரப்பர், நெல், வாழை மாதிரி வருஷக்கணக்கில் காத்திருக்கும் வேலை என்றால் யு.சி.யோடு மல்லுக்கட்டியாவது அரசு மானியத்தில் செய்யுங்கள். வாழை நாரில் பை, மீன் கழிவில் தீவனம் என்று பொருளாக்கும் கட்டம் என்றால் கம்பெனியோடு போங்கள், 60 நாளுக்கு மேல் ஒரு நாள்கூட விட்டுக்கொடுக்காமல். மணல், கடல் அரிப்பு, குவாரி பற்றிய ஆய்வில் மட்டும் பணம் கொடுப்பவர் ஆய்வாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பணம் பொதுவான ஒரு கணக்குக்குப் போகட்டும், பல்கலைக்கழகம் ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும், அளவெடுத்த எண்கள் அறிக்கைக்கு முன்பே தமிழில் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் ஒட்டப்படட்டும்.