வீடு தேடி வரும் ‘1,200 டிஜிட்டல் புத்தகங்கள்’: கையெழுத்துப் போடும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். சின்னப் பிள்ளைகளுக்கான டிஜிட்டல் நூலகம் என்று சொல்லி ஒரு பொதியை வீடு வீடாக விற்றுக்கொண்டிருக்கிறார்கள். விலை 2,388 ரிங்கிட். கடன் அட்டையில் மாதம் 199 ரிங்கிட், 12 மாதத் தவணை. கூடவே ஏழு அங்குல டேப் (டேப்லெட்) ஒன்று ‘இலவசம்’. நாங்கள் வாங்கினோம். மாதா மாதம் பணம் போகிறது, டேப் அலமாரியில் கிடக்கிறது. விவகாரம் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போயிருப்பதால் கம்பெனியின் பெயரை இங்கே போடவில்லை. எப்படியும் அடுத்த வருடம் வேறு பெயரில் வந்து வாசலில் நிற்கப்போகிறவர்கள்தானே. அந்தப் பொதிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

விற்க வந்தது நம் தமிழ்ப் பெண்தான். நல்ல பேச்சு. “அக்கா, அடுத்த வருஷம் பாப்பா ஆண்டு 1 போகுது இல்ல? இப்பவே வாசிக்கப் பழக்கிட்டா தமிழ்ப்பள்ளியில மத்த பிள்ளைங்கள விட முன்னால நிக்கும்.” தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் சேர்த்து 1,200 புத்தகம், ஆயுட்கால உறுப்பியம், வருமான வரியிலும் கழித்துக்கொள்ளலாம் என்றார். ஆறு வயது மகளுக்கு மட்டுமில்லை, மூன்று வயது மகனுக்கும் தினம் இரண்டு மணி நேரம் இதைக் கொடுங்கள், தானாகவே எழுத்து வந்துவிடும் என்று வேறு சொன்னார். இரண்டு முதல் நான்கு வயது வரை உள்ள பிள்ளைகள் உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. விற்பவர்கள் அதையெல்லாம் சொல்வார்களா?

டெமோ காட்டுகிறேன் என்று எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே டேப்பைத் திறந்து, எங்கள் பெயரில் கணக்கைத் திறந்து, மகள் கையில் கொடுத்தார். அவர் காட்டியது ஆங்கிலப் புத்தகம் ஒன்று, மலாய்ப் புத்தகம் ஒன்று. இரண்டும் பளிச்சென்று இருந்தன. தமிழ் கேட்டபோது, “லைன் ஸ்லோவா இருக்குக்கா, டவுன்லோட் ஆகிட்டு இருக்கு.” அப்புறம் பேச்சு தவணைக்குப் போய்விட்டது.

டவுன்லோட் ஆன பிறகு நான் உட்கார்ந்து எண்ணினேன். தமிழில் நூறுகூடத் தேறவில்லை. அதிலும் பாதிக்கு மேல் வண்ணம் தீட்டும் பக்கங்களும், ஒரே கதையை அட்டை மாற்றி இரண்டு மூன்று தரம் போட்டவையும். மலாயிலும் இதே கதைதான். 1,200 என்ற எண் எங்கிருந்து வந்தது என்றால், மூன்று மொழியில் உள்ள ஒரு கதை மூன்று புத்தகம். அதற்கு ஒலி இருந்தால் ஆறு.

எண்ணிக்கையைக்கூட விட்டுவிடலாம். எழுத்தைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபமே வந்தது. ‘பூனை’ என்ற சொல்லில் னகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இணைக்கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘கொடி’யில் கொம்பும் காலும் ஒன்றாகச் சேர்ந்து ககரத்துக்கு வலப்பக்கம் குவிந்து கிடக்கின்றன. சில இடத்தில் எழுத்துக்குப் பதில் புள்ளி போட்ட வட்டம். தமிழ் எழுத்துகளைச் சேர்த்து அடுக்கத் தெரியாத மென்பொருளில் யூனிகோட் எழுத்தை அப்படியே கொட்டினால் இப்படித்தான் வரும். பெரியவர்களுக்குப் பழக்கத்தில் புரிந்துவிடும். ஆனால் கொம்பு எங்கே, கால் எங்கே என்று இப்போதுதான் விரல் வைத்துப் படிக்கிற பிள்ளைக்கு? என் மகள் ‘பூன’ என்று படித்து நிறுத்திவிட்டு, அந்தக் கொம்பை அடுத்து வந்த ‘பால்’ என்ற சொல்லோடு சேர்த்து ‘பைல்’ என்று வாசித்தாள். பாலர் பள்ளியில் ஒரு தவணை முழுக்க ஆசிரியை சொல்லிக் கொடுத்ததை டேப் ஒரு வாரத்தில் குழப்பிவிட்டது.

வாசித்துக் காட்டும் குரலும் மனிதக் குரல் இல்லை. ‘மழை’ என்பதை ‘மளை’ என்கிறது. முற்றுப்புள்ளியில் நிற்பதில்லை. கேள்விக்குறிக்கும் அதே தொனிதான். சொல்லுக்குச் சொல் மஞ்சள் நிறம் ஓடும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். ஓடுகிறது, ஆனால் குரல் மூன்றாவது சொல்லில் இருக்கும்போது நிறம் முதல் சொல்லைவிட்டு நகர்வதில்லை.

அடுத்தது படங்களுக்குள் ஒளித்துவைத்த பொத்தான்கள். காக்கையைத் தொட்டால் சுற்றுகிறது, மேகத்தைத் தொட்டால் நட்சத்திரம் கொட்டுகிறது, ஐந்து நட்சத்திரம் சேர்ந்தால் பலூன் உடைக்கும் விளையாட்டு திறக்கிறது. ஒரு கதை முடிந்ததும் மகளிடம், “அந்த ஆட்டுக்குட்டி கடைசியில எங்கம்மா போச்சு?” என்று கேட்டேன். “தெரியலம்மா, எனக்கு ஸ்டார் நிறைய கிடைச்சுது” என்றாள். இலை நிறையப் பரிமாறிவிட்டுச் சோற்றை மறந்த பந்திதான் இது. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 43 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2015-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கதையோடு ஒட்டி நகரும் படம், ஒலி, இசை எல்லாம் பிள்ளைகள் கதையைப் புரிந்துகொள்ள உதவுகின்றன. தொட்டால் துள்ளும் பொத்தானும் நடுவில் வரும் விளையாட்டும் உதவுவதில்லை. திரை என்றாலே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. அசையும் படம் கதையைச் சொல்கிறதா, கதையிலிருந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறதா என்று பார்த்தாலே போதும்.

அதன் பிறகு தெரியவந்ததுதான் பெரிய விஷயம். மகளின் ஆசிரியை ஒரு கதையை ஏ4 தாளில் அச்செடுத்து, மடித்து, சின்னப் புத்தகமாக வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். பார்த்தால் நம் டேப்பில் இருக்கும் அதே ஆட்டுக்குட்டி, அதே படம்! எழுத்து மட்டும் இதில் ஒழுங்காக இருந்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். ஸ்டோரிவீவர் என்றார். இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய தளம் அது. தமிழ் உட்பட ஏகப்பட்ட மொழிகளில் படக்கதைகள் இருக்கின்றன. அங்கேயே படிக்கலாம், பிடிஎஃப்பாக இறக்கலாம், அச்செடுக்கலாம். ஒரு சென் கிடையாது.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். டேப்பில் ‘கதை’ என்று சொல்லும்படி இருந்த தமிழ்ப் புத்தகங்களில் நான் தேடிய அத்தனையும் அங்கே இருந்தன. அவற்றை எடுத்து விற்பதில் சட்டச் சிக்கல் இல்லை, அதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும் அந்தக் கதைகளை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், காசுக்கும் விற்கலாம். ஆனால் எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயரையும் உரிமத்தையும் காட்ட வேண்டும், மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஆசிரியை கொடுத்த தாளின் கடைசிப் பக்கத்தில் இதெல்லாம் அச்சாகியிருந்தது. டேப்பில் அந்தப் பக்கத்தையே காணோம். அந்த இடத்தில் கம்பெனியின் சின்னமும், அனைத்து உரிமைகளும் தங்களுக்கே என்ற வரியும் இருந்தன. ஓசியில் எடுத்தது போகட்டும், பெயரையுமா அழிப்பது?

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது நடந்தது வழக்கமான கூத்து. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. வந்தால், “அக்கா, அடுத்த அப்டேட்ல எழுத்து சரியாயிடும்.” அப்புறம் அந்தப் பெண் வேறு பிரிவுக்கு மாறிவிட்டாராம். அலுவலகத்தில் இருந்தவர், கணக்கு ஒருமுறை திறந்துவிட்டால் பணம் திரும்பாது என்று ஒப்பந்தத்தில் இருப்பதாகச் சொன்னார். கணக்கைத் திறந்ததே உங்கள் ஆள்தான், எங்கள் மேசையில் உட்கார்ந்து, என்றேன். “சிஸ்டத்தில உங்க பேருதான் இருக்கு மேடம்.”

தவணையை நிறுத்தலாம் என்று வங்கிக்குப் போனால் அங்கே வேறு ஒரு பாடம். இந்த மாதிரித் தவணைத் திட்டத்தில் வங்கி முழுத் தொகையையும் முதலிலேயே கம்பெனிக்குக் கொடுத்துவிடுகிறது. அதன் பிறகு நாம் வங்கிக்குத்தான் கடன்காரர். கட்டாமல் விட்டால் வட்டியும் கெட்ட பெயரும் நமக்கே. மாதம் 199 தானே, பிடிக்கவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்து யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

வரிக் கழிவு கதையும் இப்படித்தான். புத்தகம், டேப், இணையம் எல்லாம் சேர்த்து 2,500 ரிங்கிட் வரை வாழ்க்கைமுறைக் கழிவு இருப்பது உண்மை. எங்கள் ரசீதிலோ புத்தகம் என்ற சொல்லே இல்லை. ‘கற்றல் தீர்வுப் பொதி’ என்று ஒரே வரி. வருமான வரி வாரியம் கேட்டால் இதை வைத்து என்ன காட்டுவது?

‘ஆயுட்காலம்’ என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் மின்னூல் கடையை மூடியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களின் புத்தகங்களே மறைந்துபோயின. அவர்கள் பெரிய கம்பெனி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கடைத்தெருவில் மாடியில் ஓர் அறை வைத்திருப்பவர்களின் சர்வர் நின்றுவிட்டால் யாரைப் போய்க் கேட்பீர்கள்? கோப்பாக நம் கைக்கு வராத புத்தகத்தை வாங்கிய கணக்கில் சேர்க்க முடியாது. வாடகைக்கு எடுத்ததுதான்.

இப்போது நான் எதைக் கொடுப்பதற்கு முன்னும் ஒரு தமிழ்ப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நானே படித்துவிடுகிறேன். பத்து நிமிடம்கூட ஆகாது. எழுத்து உடைகிறதா, குரல் மனிதருடையதா, கடைசியில் யார் எழுதினார், யார் வரைந்தார் என்று இருக்கிறதா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். விற்க வருகிறவர் தமிழ்ப் புத்தகத்தை முழுதாகத் திறந்து காட்டத் தயங்கினால் கதவைக் காட்டலாம். ஸ்டோரிவீவரில் நிலை பிரித்திருப்பதும் உதவியாக இருக்கிறது. முதல் நிலையில் 250 சொல்லுக்குள், இரண்டாம் நிலையில் 600 சொல் வரை. ஆறு வயதுக்கு முதல் நிலை போதும். மலாய், ஆங்கிலத்துக்குத் தேசிய நூலகத்தின் யு-புஸ்தாகா (u-Pustaka) என்ற இணைய நூலகம் இருக்கிறது, இரவலுக்குக் காசு கிடையாது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு: வீட்டுக்கு வந்து விற்றால் அது 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டத்தின் கீழ் வருகிறது. ரத்து செய்ய 10 வேலை நாள் அவகாசம் உண்டு, அது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கவும் வேண்டும். எங்கள் தாளில் அந்த வரி இல்லை, எங்கள் மனுவின் முதல் புள்ளியே அதுதான். சனி, ஞாயிறு, பொது விடுமுறை கணக்கில் வராது. ரத்துக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பாமல் பதிவு அஞ்சலில் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் கடந்துவிட்டது என்றால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. பாரம் 1 என்ற படிவம், கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வக்கீல் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. மனுப் போடும் முன் ஒப்பந்தத்தின் பின்பக்கம் உட்பட எல்லாவற்றையும், டேப்பில் உடைந்த எழுத்துள்ள பக்கங்களையும், கதைகளின் கடைசிப் பக்கங்களையும் தேதி தெரியும்படி படம் எடுத்துவிடுங்கள். எங்கள் மனு போய்ச் சேர்ந்த பிறகு ஓர் அப்டேட் வந்தது. எழுத்து சரியாகவில்லை, ஆட்டுக்குட்டி கதை மட்டும் பட்டியலிலிருந்து காணாமல் போய்விட்டது.