6 அங்குல ஆடி: கோளமாகவே விடலாமா, பரவளையம் ஆக்கணுமா?

தொலைநோக்கிக்கு நாமே தேய்த்துச் செய்யும் முதல் ஆடிக்கு 6 அங்குலக் கண்ணாடி (150 மி.மீ.) எடுப்பதில் யாருக்கும் பெரிய சண்டை இல்லை. சண்டையெல்லாம் குவியத் தூரத்தில்தான்: எஃப் 6, எஃப் 8, எஃப் 10 என்று மூன்று கட்சி (எஃப் 8 என்றால் குவியத் தூரம் ஆடியின் விட்டத்தைப் போல 8 மடங்கு).

எதை எடுத்தாலும் தேய்ப்பில் முதலில் கிடைப்பது கோள வடிவம். இரண்டு வட்டுகளுக்கு நடுவே கார்போரண்டம் என்னும் தேய்ப்புத் தூளும் தண்ணீரும் விட்டு, எல்லாத் திசையிலும் திருப்பித் திருப்பித் தேய்க்கிறோம். எப்படி நகர்த்தினாலும் ஒன்றோடொன்று முழுக்கப் பொருந்தி நிற்கும் வளைவு கோளம்தான். அதனால் மேடுகள் தாமாகவே தேய்ந்துவிடும். மேல் வட்டு குழியும், கீழ் வட்டு புடைக்கும். ஆனால் நட்சத்திர ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கப் பரவளையம் வேண்டும். அந்த வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாமா என்பதில்தான் கட்சிகள் பிரிகின்றன.

எஃப் 10-இல் தாராளமாகப் பொறுக்கலாம். கோளமாகவே விட்டாலும் பச்சை ஒளியில் அலைமுகப் பிழை (ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளியலை சரியான வடிவத்திலிருந்து விலகும் அளவு) ஏழில் ஒரு அலைநீளம் அளவுதான்; நல்ல பிம்பத்துக்கு இயற்பியலாளர் ரேலி வகுத்த எல்லை கால் அலைநீளம். குழியும் நடுவில் 1 மி.மீ.க்குக் குறைவு என்பதால் தேய்ப்பு சீக்கிரம் முடியும். சிக்கல் குழாயில். ஒன்றரை மீட்டர் நீளம், காற்றடித்தால் பிம்பம் ஆடும், வழக்கமான 1¼ அங்குல ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் நெருக்கியடிக்கும்.

எஃப் 6 குழாய் கைக்கு அடக்கம். ஆனால் கோளமாக விட்டால் பிழை 0.6 அலைநீளம். வியாழனின் பட்டைகள் குழம்பிவிடும். பரவளையம் ஆக்கியே தீர வேண்டும். முதல் ஆடிக்கு இது வேண்டாம் என்பேன்.

எஃப் 8 இடையில் நிற்கிறது. கோளமாக விட்டால் பிழை சரியாகக் கால் அலைநீளத்தை ஒட்டி வரும். "அப்போ போதுமே" என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: எல்லை முழுவதையும் வடிவமே தின்றுவிட்டால், சற்றே சரிந்த விளிம்புக்கும் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் சுமாரான துணை ஆடிக்கும் மிச்சம் எதுவும் இல்லை.

இருந்தும் என் ஓட்டு எஃப் 8-க்கே. காரணம் சோதனை. ஃபூக்கோ முறையில் ஒரு சின்ன விளக்கின் ஒளியை ஆடியில் பட்டுத் திரும்ப வைத்து, அதைக் கத்தி முனையால் மறித்துப் பார்க்கிறோம். கத்தி முனையை வளைவு மையத்தில் வைத்தால், நல்ல கோளம் முழுக்க ஒரே நேரத்தில் இருளும். கணக்கே வேண்டாம், கண் சொல்லிவிடும். பரவளையத்தை வளையம் வளையமாக அளக்க வேண்டும். எஃப் 8-இல் விளக்கு நகராமல் இருந்தால், நடுவுக்கும் விளிம்புக்கும் கத்தி முனை 2.3 மி.மீ. தள்ளிப் போகணும். (சோதனை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியே சாட்சி: அதன் 2.4 மீட்டர் ஆடிக்கு மெருகு அபாரம். சோதனைக் கருவி தப்பாக இருந்ததால் விளிம்பு சுமார் 2.2 மைக்ரான் தட்டையாகிவிட்டது.)

ஆகவே எஃப் 8-ஐ முதலில் சுத்தமான கோளமாக்குங்கள். அப்புறம் அலுமினியம் பூசாமலே குழாயில் மாட்டி ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பாருங்கள். வெறும் கண்ணாடியே சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பும், அது போதும். திருப்தி இல்லையென்றால் ஆடி மறுபடி பிட்ச் (மெருகேற்றப் பயன்படும் கீல்) மேல் ஏறட்டும். கோளத்துக்கும் பரவளையத்துக்கும் இடையே எடுக்க வேண்டிய கண்ணாடி ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.