அப்பாவுக்கு ஒரு மீடியா பிளேயர்: ரிச்சி தெருவில் எதைப் பார்த்து வாங்கினேன்

பெரம்பூர் வீட்டில் அப்பா அம்மாவுக்கு வைஃபை வேண்டாம், ஓடிடிக்கு மாசா மாசம் பணம் கட்டவும் மனசில்லை. ஆனால் படம் வேண்டும். வருஷக்கணக்கில் வாங்கிச் சேர்த்த டிவிடிகள், தங்கச்சி கல்யாண வீடியோ, பழைய கேசட்டிலிருந்து மாற்றி வைத்த வீட்டு விசேஷங்கள் எல்லாம் ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. ஹாலில் இருப்பது சாதாரண எல்இடி டிவி. அதன் யுஎஸ்பியில் நேராகச் சொருகினால் பாதி ஃபைல் திறக்காது. அதனால் உள்ளங்கை அளவில் ஒரு எச்டிஎம்ஐ மீடியா பிளேயர், அதாவது டிஸ்கில் உள்ள ஃபைலைப் பிரித்து டிவியில் ஓட்டும் பாக்ஸ், வாங்கிக் கொடுத்தேன். ரிமோட்டோடு 2,800 ரூபாய். தினமும் ஓடுகிறது, வாங்கியதில் எனக்கு முழுத் திருப்தி.

டிஸ்க் உள்ளேயே பொருத்தி வரும் பிளேயர்களும் உண்டு. எனக்கு அது வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். ஹார்ட் டிஸ்க் என்றைக்காவது போகும் பொருள். அது போனால் பிளேயரும் சேர்ந்து முடங்கும். இடம் நிறைந்தாலும் அதே தொல்லை. பாக்ஸ் தனி, டிஸ்க் தனி என்றால் புதுப் படம் ஏற்ற டிஸ்கை மட்டும் கழற்றி என் வீட்டுக்கு எடுத்து வந்துவிடலாம்.

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கடைத் தம்பி, "சார், எல்லா ஃபார்மேட்டும் எடுக்கும் சார்" என்று சொல்லி, தன் பென் டிரைவில் இருந்த அருவி வீடியோவை ஓட்டிக் காட்டினார். அருவி எந்த பாக்ஸிலும் அழகாகத்தான் ஓடும். நம் டிஸ்கை, நம் ஃபைலைப் போட்டுப் பார்க்க வேண்டும். நான் கையோடு கொண்டுபோயிருந்ததால் வித்தியாசம் அங்கேயே தெரிந்தது. முதலில் காட்டிய பாக்ஸில் எச்.265 என்ற முறையில் வீடியோவைச் சுருக்கிய ஃபைலைப் போட்டால் பாட்டு கேட்கிறது, திரை கறுப்பு. அந்த முறை 2013-இல் வந்தது. பழைய சிப் உள்ள பாக்ஸ்களுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. இரண்டாவதாகக் காட்டியது ஓடியது, அதையே எடுத்துக்கொண்டேன்.

சத்தம்தான் பெரிய விஷயம். வீட்டில் மாட்டிய அன்றே அம்மா, "ஏன்டா, வாய் அசையுது, ஒண்ணும் கேக்கலையே" என்றார். அந்தப் படத்தின் ஆடியோ டிடிஎஸ் என்ற சுருக்கிய ஒலி வகை. பாக்ஸின் ஆடியோ செட்டிங் 'ரா' என்பதில் இருந்தால் டிடிஎஸ்ஸை அப்படியே டிவிக்குத் தள்ளிவிடும். டிவிக்கு அது புரியாவிட்டால் மௌனம்தான். 'எல்பிசிஎம்' என்று மாற்றினால் பாக்ஸே பிரித்து சாதாரண ஸ்டீரியோவாகக் கொடுக்கும். மாற்றியதும் வசனம் கணீரென்று வந்தது. ஆனால் பாக்ஸில் டிடிஎஸ் பிரிக்கும் வசதி இருந்தால்தான் இது நடக்கும். ஆகவே டிடிஎஸ் உள்ள ஃபைல் ஒன்றைக் கட்டாயம் கடைக்குக் கொண்டுபோங்கள்.

தமிழ் எழுத்தில் மட்டும் எனக்கு மனக்குறை. தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. சப்டைட்டிலை யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்து முறை) ஆகச் சேமித்துப் போட்டால் எழுத்து வருகிறது, ஆனால் 'கொ' என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்து நிற்கிறது. தமிழ்நாட்டில் விற்கிற பொருளுக்கு ஒரு நல்ல தமிழ் ஃபான்ட் போடக் கூடாதா? வேறு வழியில்லாமல் ஃபோல்டர் பெயர்களை ஆங்கில எழுத்துக்கு மாற்றினேன். மலையாளப் படங்களுக்கு அப்பா ஆங்கில சப்டைட்டில் வைத்துப் பார்க்கிறார்.

அடாப்டரில் 5 வோல்ட், 2 ஆம்ப் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சின்ன ஹார்ட் டிஸ்க் தனக்கான கரண்டையும் யுஎஸ்பி வழியாகத்தான் எடுக்கும். அடாப்டர் 1 ஆம்ப் என்றால் இரண்டுக்கும் சேர்த்துப் போதாமல் டிஸ்க் டிக் டிக்கென்று முனகிக்கொண்டே இருக்கும், படம் வராது. டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் முறைகளில் என்டிஎஃப்எஸ்ஸைத் தேர்ந்து ஃபார்மேட் செய்யுங்கள். ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது, கல்யாண வீடியோ அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

அப்பாவுக்குப் பிடித்தது இது எதுவுமே இல்லை, விட்ட இடத்திலிருந்து தொடங்கும் வசதிதான். பாதிப் படத்தில் தூங்கிவிடுவார். இல்லையென்றால் கரண்ட் போய்விடும். மறுபடி போட்டால் "விட்ட இடத்திலிருந்து ஓட்டவா" என்று பாக்ஸ் கேட்கும், ஓகே அழுத்தினால் போதும். கடையிலேயே ஒரு படத்தை நடுவில் ஓட்டி, பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் சொருகி இதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

ரிமோட் சின்னது, பட்டன்கள் நெருக்கம், எழுத்து பொடி. எழுபதைத் தாண்டிய கைக்கு இது கஷ்டம்தான். பிளே, ஓகே, பின்னே போகும் பட்டன் மூன்றுக்கும் அம்மா நெயில் பாலிஷால் கலர் கலராகப் புள்ளி வைத்துவிட்டார். பில்லில் சீரியல் நம்பர் எழுதி, கடை சீல் போட்டு வாங்குங்கள். இந்த மாடலுக்கு ரிமோட் தனியாகக் கிடைக்குமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.