ஜப்பானிய வீட்டுத் துப்புரவு: பல வருடப் பழக்கத்தில் நிலைப்பது எது

வீட்டை ஒழுங்குபடுத்தும் ஜப்பானிய நிபுணர் மாரி கொண்டோ வழியாக வெளியுலகம் அறிந்துகொண்டது ஜப்பானியத் துப்புரவின் ஒரு மூலையை மட்டும்தான். பொருளைக் கையில் எடுத்து மனம் துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும், துள்ளாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். துணிகளுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. துணி, புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான், கடைசியாக நினைவுப் பொருள் என்று அவர் சொல்லும் வரிசையையும் மாற்றக் கூடாது. பழைய புகைப்படங்களில் தொடங்கினால், முடிவெடுக்கக் கை பழகும் முன்பே வேலை அங்கேயே நின்றுவிடும். ஆனால் இது பெரும்பாலும் ஒருமுறை செய்யும் வேலை. வருடக்கணக்கில் வீட்டைக் காப்பாற்றுவது இதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கும் நாட்காட்டிதான். கொண்டோவும் இளவயதில் ஜப்பானின் பூர்விகச் சமயமான ஷிந்தோவின் ஆலயத்தில் பணி செய்தவர். பொருளுக்கு நன்றி சொல்லும் பழக்கமும் அந்த மண்ணிலிருந்து வந்ததே.

அந்த நாட்காட்டி டிசம்பர் 13-இல் தொடங்குகிறது. அன்று ஒட்டடை அடிக்கும் சடங்கு, சுசுஹராய். எடோ காலத்தில் (17–19ஆம் நூற்றாண்டு) ராணுவ ஆட்சியாளரான ஷோகுனின் கோட்டையில் இதற்கு நாள் குறித்தார்கள், ஊரும் அதைப் பின்பற்றியது. கியோட்டோவின் இரண்டு ஹொங்கான்ஜி ஆலயங்களில் இன்றும் டிசம்பர் 20 அன்று பக்தர்கள் வரிசையாக உட்கார்ந்து மூங்கில் கழியால் தத்தாமிப் பாயை அடிக்க, எழும் தூசியைப் பெரிய விசிறியால் வெளியே தள்ளுகிறார்கள். புத்தாண்டில் வீட்டுக்கு வரும் தோஷிகாமி தெய்வத்துக்கு இடம் ஒழிப்பதுதான் நோக்கம். ஆகவே வேலைக்கு ஒரு கெடு உண்டு. வாசல் அலங்காரத்தை 28-இல் அல்லது 30-இல் கட்டுவார்கள். 29 ஆகாது, ஜப்பானிய மொழியில் ஒன்பதும் துன்பமும் 'கு' என்றே ஒலிக்கும். 31-இல் கட்டினால் தெய்வத்தை ஒரே இரவு ஏற்பாட்டில் வரவேற்றதாகிவிடும். ஜனவரி முதல் தேதி துடைப்பத்தைத் தொடுவதில்லை, வந்த நல்லதைப் பெருக்கித் தள்ளிவிடக் கூடாது.

இன்றைய அடுக்குமாடி வீட்டில் இந்த நாட்காட்டி ஓரிடத்தில் இடறும். அந்தக் காலத்துப் புகைக்கரி உலர்ந்தது, குளிரிலும் உதிரும். இன்றைய எதிரி சமையலறை விசிறியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு. டிசம்பர் குளிரில் அது இறுகிப்போகும். அதனால் விசிறியை அக்டோபரிலேயே கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்ப்பதே சரி. அலுமினியப் பாகங்களை மட்டும் அதில் போடக் கூடாது, கறுத்துவிடும். இன்னொரு சிக்கல் பெரிய குப்பை. டோக்கியோ நகர்ப்பகுதியில் ஏறத்தாழ 30 செ.மீ.க்கு மேற்பட்ட சாமானை முன்பதிவு செய்து, கட்டண வில்லை ஒட்டித்தான் வெளியே வைக்க முடியும். டிசம்பரில் அந்தப் பதிவுகள் வேகமாக நிரம்பிவிடும். நன்றி சொல்லி விடைகொடுத்த அலமாரி புத்தாண்டிலும் பால்கனியிலேயே நின்றால் வழியனுப்பியதற்கே பொருளில்லை. நவம்பரிலேயே பதிந்துவிடுங்கள்.

சுத்தம் செய்யும் வரிசை மேலிருந்து கீழே, உள்ளிருந்து வாசலுக்கு. முதலில் வீட்டின் தெய்வ மாடமான காமிதானா. அதற்கென்று தனித் துணி வேண்டும், அதை வேறெதற்கும் எடுக்கக் கூடாது. மாடம் பெரும்பாலும் வண்ணம் பூசாத ஹினோக்கி மரத்தால் ஆனது. ஈரத் துணி பட்டால் கறை ஏறும், எனவே உலர்ந்த தூரிகையால் தட்டி மென்துணியால் துடைத்தால் போதும். பாகங்களைப் பிரிக்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பப் பொருத்தும்போதுதான் பலர் திணறுகிறார்கள். மாடத்தில் வைக்கும் ஆலயத் தெய்வத் தாளான ஓஃபுதா பழையதானால் அதைக் குப்பையில் போடாமல் ஆலயத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்குவார்கள். மேல்மாடியில் ஆள் நடமாட்டம் இருந்தால், மாடத்துக்கு நேர்மேலே கூரையில் 'மேகம்' என்று எழுதிய தாளை ஒட்டும் வழக்கம் உண்டு. அதற்கு மேலே வானம் மட்டுமே என்று தெய்வத்திடம் சொல்வது அது. ஒரு துண்டுத் தாளில் இவ்வளவு மரியாதை! இந்தத் துப்புரவு முறையில் நான் மிகவும் மதிக்கும் விஷயம் இதுதான்.

தத்தாமியைக் கோரையின் வாக்கிலேயே பெருக்க வேண்டும், குறுக்கே பெருக்கினால் நார் பிய்யும். ஒட்டப் பிழிந்த தேயிலைச் சக்கையைத் தூவிப் பெருக்கினால் தூசி பறக்காது. சரியாகப் பிழியாவிட்டால் பாயில் கறை விழும். சோடாக் கரைசலால் துடைத்தால் கோரை மஞ்சளாகும்.

பௌத்த மடங்களில் சுத்தமான தரையையும் தினமும் கூட்டுவார்கள், அங்கே கூட்டுவதே பயிற்சி. இதற்கு அவர்கள் காட்டும் முன்னோடி, ஒரு செய்யுளைக்கூட மனப்பாடம் செய்ய முடியாமல் தவித்து, எளிய கைவேலையிலேயே ஞானம் பெற்ற புத்தரின் சீடர் சூளபந்தகர். பாலி மரபில் அவர் கையில் வெள்ளைத் துணி இருக்கும், ஜப்பானில் துடைப்பம்.

அடுக்கும் முறையில் ஒரு எச்சரிக்கை. துணிகளை மடித்து நிற்கவைத்து இழுப்பறையை நெருக்கமாக நிரப்புவது பார்க்க அழகு. ஆனால் ஜூன், ஜூலை மழைக்காலத்தில் ஓஷியிரே அலமாரிக்குள் காற்று ஓடாமல் பூஞ்சை பிடிக்கும். அடியில் மரச்சட்டப் பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் இடைவெளி விடுங்கள். ஜூன் 1, அக்டோபர் 1 என்று பருவத் துணி மாற்றும் பழைய வழக்கத்தைக் கைவிடாதீர்கள், அப்போதாவது அலமாரி முழுக்க வெளியே வரும்.

வழியனுப்பும் சடங்குகளில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. நூறு ஆண்டு கண்ட கருவிக்கு ஆவி வரும் என்பது பழைய நம்பிக்கை. ஒட்டடை நாளில் மதிக்காமல் எறியப்பட்ட கருவிகள் பழிவாங்கப் புறப்படும் கதையே முரோமாச்சி காலத்தில் (14–16ஆம் நூற்றாண்டு) உண்டு. டோக்கியோவின் செந்சோஜி ஆலயத்தில் பிப்ரவரி 8 அன்று, தேய்ந்த ஊசிகளை மென்மையான தோஃபுவில் (சோயாக் கட்டியில்) குத்தி ஓய்வு கொடுக்கிறார்கள். பொம்மைகளை ஏற்றுக்கொள்ளும் ஆலயங்களும் உண்டு. கண்ணாடிப் பெட்டி, உலோகப் பாகங்களைப் பொதுவாக அங்கே எடுப்பதில்லை, கழற்றிவிட்டே கொண்டுபோக வேண்டும். ஆலயத்துக்குப் போக முடியாதவர்கள் பொம்மையை வெள்ளைத் தாளில் வைத்து, உப்பைத் தூவிச் சுற்றி, ஊர்க் குப்பை விதிப்படி அனுப்புகிறார்கள். வாசல் அலங்காரம் ஜனவரி 15 வாக்கில் ஆலய நெருப்புக்குப் போகும். அதிலுள்ள பிளாஸ்டிக், கம்பி, நாரத்தை ஆகியவற்றை வீட்டிலேயே பிரித்தெடுத்துவிட்டு, வைக்கோலையும் காகிதத்தையும் மட்டும் கொடுங்கள்.